காரணம் கூறலும் பொறுப்பேற்றலும்

டச்சு மொழியைக் கற்கப் புகும் அயலார்க்கு அம்மொழியின் இலக்கண ஆசிரியர்கள் ஒரு வேறுபாட்டை வற்புறுத்திச் சொல்வதுண்டு. காரணத்தை உணர்த்த அம்மொழியில் ‘ஓம்டாட்’, ‘டோர்டாட்’ என இரண்டு இணைப்புச் சொற்கள் உள்ளன. மழை பெய்ததால் ஆறு பெருகிற்று என்னுமிடத்து ‘டோர்டாட்’ வரவேண்டும். மழை பெய்ததால் ஒருவன் வெளியே செல்லாது வீட்டில் தங்கினான் என்னுமிடத்து ‘ஓம்டாட்’ வரவேண்டும். ஆற்றுக்கு மனம் இல்லை. மழை மிகுந்தால் அது பெருகியே தீரும். வீட்டில் தங்கியவனோ எண்ணிப் பார்த்துத் தங்கினான். விரும்பியிருந்தால் நனைந்துகொண்டே போயிருக்கலாம். முன்னது நிகழ்ச்சிக்குரிய காரணம். பின்னது செயலுக்குரிய காரணம்.

தமிழில் இவ்விரு தொடர்களையும் ‘ஆல்’ என்னும் ஒரே உருபு தாங்கி நிற்கிறது. ‘பெய்ததால்’ என்று சொன்ன அளவில் ஆறும் மனிதனும் ஒரே தட்டில் வைக்கப்பட்டு விடுகின்றனர். இது மொழியின் குறையா, மொழியைக் கையாள்வோரின் குறையா என்பது இலக்கண வகுப்போடு முடிந்துவிடும் வினா அன்று. தன் செயலுக்குக் காரணம் கூறும் ஒருவன் ஆற்றைப் போலப் பேசுகிறானா, மனிதனைப் போலப் பேசுகிறானா என்பது அறநூலுக்கும் உரிய வினாவாகும்.

ஜொகூரில் வாழும் தமிழாசிரியர்க்கு டச்சு மொழியின் இலக்கணம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1606ஆம் ஆண்டிலேயே ஜொகூர் அரசு டச்சுக் கப்பற்படைத் தலைவர் மாத்தெலீஃபுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 1641 சனவரியில் மலாக்கா போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியபோது ஜொகூர்ப் படை அவர்களுக்குத் துணைநின்றது. 1824இல் இலண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தமே பழைய ஜொகூர்ப் பேரரசை இரண்டாகப் பிளந்து, தீவுகளை ஒருவருக்கும் தீபகற்பத்தை மற்றவருக்கும் ஆக்கியது. தமிழர் வாழ்விலும் அம்மொழி கால்வைத்திருக்கிறது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக்காரரின் வாணிகத் தலங்களாய் இருந்தன. இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பதும், ஒருவகை அவரைக்காயைப் ‘போஞ்சி’ என்பதும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்களால்தாம். பெயர்ச்சொற்கள் கடல் கடந்து வந்து ஒட்டிக்கொண்டன. இணைப்புச் சொற்கள் வரவில்லை. மொழிகளின் இயல்பு அது. பொருள்களின் பெயரை ஒரு மொழி எளிதில் கடன் வாங்கும்; எண்ணத்தை எண்ணத்தோடு கட்டும் கயிற்றைக் கடன் வாங்க அவ்வளவு எளிதில் இசையாது.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். டச்சு மக்களே அன்றாடப் பேச்சில் இவ்வேறுபாட்டை எப்போதும் காப்பதில்லை. இரண்டிடத்தும் ‘ஓம்டாட்’ என்றே சொல்லிப் போவார் பலர். ஆகவே அம்மொழியாளர் பிறரினும் அறவுணர்வு மிக்கவர் என்று முடிவு கட்டுவது பேதைமை. அவ்வேறுபாடு ஒரு கண்ணாடியாகப் பயன்படும். தமிழ் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ள அது போதும்.

தமிழிலக்கணம் இதனைக் கண்டதா எனின், கண்டது. ஆனால் வேறோர் இடத்திற் கண்டது. நன்னூலார் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்னும் பொருள்களைக் கூறினார். ஏதுப்பொருளை ஐந்தாம் வேற்றுமைக்கு உரியதாக்கினார். கல்வியினாற் கம்பர் பெரியவர் எனப் பொருள்படும் பழைய எடுத்துக்காட்டை மாணவர் அனைவரும் அறிவர். உருபு ஒன்றாய் ஒலிக்குமிடத்தும் பொருளை வேறுபடுத்திக் காணவேண்டும் என்பது அவ்வாசிரியர்களின் துணிபு. ‘ஆல்’ என்பது ஒன்றே. ஆயினும் ‘உளியால் செதுக்கினான்’ என்பதில் அது கருவி. ‘தச்சனால் ஆயிற்று’ என்பதில் கருத்தா.

கருத்தா என்பதனையும் அவர்கள் அவ்வளவில் விட்டுவிடவில்லை. கோயிலைத் தன் கையாற் கட்டிய தச்சன் இயற்றுதற் கருத்தா. கட்டுக என்று ஆணையிட்ட அரசன் ஏவுதற் கருத்தா. வகுப்பறையில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்படும் இப்பாகுபாட்டில் ஓர் அறக்கோட்பாடு அடங்கியிருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்பர்! ஏவியவனும் கருத்தா, ஏவப்பட்டுச் செய்தவனும் கருத்தா. ‘மேலிடம் சொன்னது, செய்தேன்’ என்று சொல்பவன் தன்னை உளியின் இடத்தில் வைக்கப் பார்க்கிறான். இலக்கணம் அவனை உளியாக ஏற்க மறுக்கிறது. ‘நான் சொல்ல மட்டுமே செய்தேன், கை வைக்கவில்லை’ என்று ஒதுங்குபவனையும் அது விடுவதில்லை. உளி மட்டுமே கருவி. மனம் படைத்தவர் இருவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர்.

அணியிலக்கணம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. தண்டியலங்காரம் ஏது என்னும் அணியைக் காரக ஏது என்றும் ஞாபக ஏது என்றும் பிரிக்கிறது. ஒன்றை உண்டாக்குவது காரகம். ஒன்று உண்டென்று அறிவிப்பது ஞாபகம். மணிமேகலையில் அறவண அடிகள் அளவை நூலை உணர்த்தும் பகுதியில் வரும் மலையும் புகையும் நெருப்பும் இதற்கு நல்ல சான்று. புகை இருப்பதால் மலையில் நெருப்பு உண்டு என்னும்போது புகை நெருப்பை உண்டாக்கவில்லை. நெருப்புண்டு என்னும் அறிவையே உண்டாக்கிற்று. ‘விளக்கு எரிவதால் அவர் வீட்டில் இருக்கிறார்’ என்று அன்றாடம் சொல்கிறோமே, அதுவும் இத்தகையதே. டச்சு மொழியில் இவ்வகைக் காரணத்திற்குப் பெரும்பாலும் ‘வாண்ட்’ என்னும் மூன்றாம் சொல் வரும். முதலில் முடிவைச் சொல்லிப் பின் சான்றை வைக்கும் சொல் அது. தமிழில் ‘ஏனெனில்’ அதன் இடத்தை நிரப்புகிறது. ‘ஏனெனில்’ என்று பின்னால் காரணம் வைப்பது மேனாட்டு உரைநடையின் சாயல் என்று கருதுவோர் உளர். பழைய உரையாசிரியர்கள் முடிவை முன்வைத்து, ‘என்னை?’ என்று தாமே வினவி, ‘ஆகலான்’ என்றும் ‘ஆகலின்’ என்றும் முடித்த உரைகளைப் பயின்றவர் அவ்வாறு சொல்லத் துணியார்.

எனவே தமிழிற் காணவேண்டிய காரணங்கள் மூன்று: உண்டாக்கும் காரணம், ஒருவன் எண்ணிச் செய்த காரணம், அறிவிக்கும் காரணம். முதலாவதும் மூன்றாவதும் புலவர் நூல்களிற் பெயர் பெற்றுவிட்டன. நடுவிலுள்ள எண்ணிச் செய்த காரணத்திற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் நூல்களிற் பெரிதாகப் பேசப்படாவிடினும் நாவில் நாள்தோறும் புழங்குகிறது. அது ‘என்று’ என்னும் எளிய சொல். ‘மழை வந்ததால் குடை எடுத்தான்’ என்பதையும் ‘மழை வரும் என்று குடை எடுத்தான்’ என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் வாக்கியம் உண்மையாக வேண்டுமானால் மழை வந்திருக்கவேண்டும். இரண்டாவதற்கு அத்தேவை இல்லை. வானம் பொய்த்தாலும் அது உண்மையே. ஏனெனில் அது வானத்தைப் பற்றிய செய்தி அன்று. குடை எடுத்தவனின் உள்ளத்தைப் பற்றிய செய்தி. ‘திட்டுவார் என்று ஒளிந்தான்’, ‘கிடைக்கும் என்று கொடுத்தான்’, ‘யாரும் பார்க்கமாட்டார்கள் என்று கொட்டினான்’ — இவ்வாக்கியங்களில் செய்தவன் தன் எண்ணத்தோடு வெளிப்பட்டு நிற்கிறான். டச்சுக்காரர் ‘ஓம்டாட்’ என்னும் இணைப்புச் சொல்லால் தொட முயல்வதைத் தமிழர் ‘என்று’ என்பதால் இன்னும் நெருங்கித் தொடுகின்றனர். பொருட்டு, நிமித்தம் என்பனவும் இவ்வினத்தனவே. எனினும் அவை ஏட்டுத் தமிழுக்கு உரியனவாய் ஒதுங்கிவிட்டன.

ஜொகூர்த் தமிழ் மாணவன் இம்மூன்றோடு மலாய் மொழியின் இரண்டையும் சேர்த்தே சுமக்கிறான். ‘கெரானா’ என்னும் மலாய்ச் சொல் வடமொழிக் காரணத்தின் வழி வந்தது. தமிழ் மாணவன் ‘காரணம்’ என்று சொல்லும் அதே சொல்லின் உடன்பிறப்பு. ‘செபாப்’ என்பது அரபு மொழியிலிருந்து வந்தது. எழுத்தில் முன்னதை இணைப்புச் சொல்லாகவும் பின்னதைப் பெயராகவும் ஆளவேண்டும் என்று பள்ளியிற் கற்பிக்கின்றனர். தெருப்பேச்சிலோ ‘செபாப்’ என்பதே எல்லா இடத்தும் ஓடுகிறது. அரசு ஊழியரான ஆசிரியர்க்கு இச்சொல் வேறொரு வகையிலும் பழக்கமானது. பணியில் தவறு நேர்ந்தால் வரும் ‘சூராட் துன்ஜோக் செபாப்’ என்னும் காரணங்கோரும் கடிதம் ஒருவரின் உறக்கத்தைக் கெடுக்க வல்லது. அக்கடிதத்திற்கு எழுதப்படும் மறுமொழிகளின் நடையை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். உடல்நலக் குறைவால், போக்குவரத்து நெரிசலால், தகவல் கிடைக்காமையால், பணிப்பளுவால் — எல்லாம் ‘ஆல்’. ‘இன்று ஒருநாள் போகாவிட்டால் என்ன என்று இருந்துவிட்டேன்’ என்று எழுதியவர் உளரா என்பது ஐயமே. கடிதம் எழுதுவோர் அனைவரும் ஆறாகவே பெருகுகின்றனர்.

தமிழ் வழக்கில் இதற்குச் ‘சாக்கு’ என்று பெயர். ‘சமாதானம் சொல்லுதல்’ என்னும் தொடரும் உண்டு. காரணம் கூறுவதன் நோக்கம் உண்மையை உணர்த்துவது அன்று, எதிரில் இருப்பவரை அமைதிப்படுத்துவதே என்பதை அத்தொடர் ஒளியாமல் ஒப்புக்கொள்கிறது. ஆயினும் ‘ஆல்’ கொண்டு சொல்லப்படும் காரணம் அனைத்தும் சாக்கு என்று தள்ளிவிடலாமா? அங்கேதான் இவ்வினா கடினமாகிறது.

ஜொகூர்பாருவிலும் அதனைச் சூழ்ந்த ஸ்கூடாய், மாசாய், கூலாய் பகுதிகளிலும் விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் மிகப் பலர். 1924இல் கட்டி முடிக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. ஆயினும் அதனைக் கடக்க ஆகும் நேரத்தைக் கிலோமீட்டரால் அளக்க இயலாது. பெற்றோர் இருவரும் இருளில் கிளம்பிவிட்ட வீட்டில் மூத்த பிள்ளை எழுந்து இளையவர்களை எழுப்பி, உடுத்தி, கூட்டிக்கொண்டு வரவேண்டும். அப்பிள்ளை பள்ளிக்குத் தாமதமாக வந்து ‘வேன் போய்விட்டதால்’ என்று நிற்கிறது. அந்த ‘ஆல்’ சாக்கன்று. அது ஒரு குடும்பத்தின், ஒரு நாணய மாற்று விகிதத்தின், ஓர் எல்லைக்கோட்டின் வரலாறு. அதனைச் சாக்கு என்று தள்ளும் ஆசிரியர் மனிதனுக்கு மதிப்பளிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு உலகத்தைக் காண மறுக்கிறார்.

அதே ஆசிரியர் ஆண்டிறுதி அறிக்கை எழுதும்போது நிகழ்வது வேறு. ‘குடும்பச் சூழலால் மாணவர் பின்தங்கினர்’, ‘தோட்டப்புறப் பின்னணியால் அடைவுநிலை குறைந்தது’, ‘பெற்றோர் ஒத்துழைப்பின்மையால் முன்னேற்றம் இல்லை’ என்னும் வாக்கியங்கள் தமிழ்ப்பள்ளி அறிக்கைகளில் பல தலைமுறைகளாக வலம் வருகின்றன. இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகி, அவற்றுட் பல வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன; தோட்டப் பள்ளிகள் பல நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்டன; 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வும் நீக்கப்பட்டது. அறிக்கையின் வாக்கியம் மட்டும் பெயராமல் நிற்கிறது. காலையில் பிள்ளையின் ‘ஆல்’ ஏற்கப்படவில்லை; மாலையில் பள்ளியின் ‘ஆல்’ அச்சேறுகிறது. வறுமை உண்மைக் காரணமே. அதனை மறுப்பவர் தோட்ட வாழ்வை அறியாதவர். ஆயினும் அவ்வாக்கியம் பொய் சொல்லாமலேயே ஒன்றைச் செய்துவிடுகிறது: பள்ளி எண்ணிச் செய்தவற்றையும் எண்ணாமல் விட்டவற்றையும் வாக்கியத்திற்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

இன்னொரு பிழையும் ஆங்கே நுழைகிறது. ‘மதிப்பெண் குறைவதால் இவன் சோம்பேறி’ என்பதில் மதிப்பெண் வெறும் புகை. அது ஞாபக ஏது. அதுவும் ஐயத்திற்குரிய ஞாபக ஏது. புகையைக் கண்டு நெருப்பென்று துணிந்தவர் அது மலைமேற் படிந்த பனியா என்று ஒருமுறை பார்ப்பதில்லை. பின்னர் அதனையே திருப்பி, ‘சோம்பேறி ஆதலால் மதிப்பெண் குறைந்தது’ என்று காரக ஏதுவாக்கி விடுகின்றனர். சான்று காரணமாக உருமாறி, பிள்ளையின் நெற்றியில் ஆறு ஆண்டுகளுக்கு ஒட்டிக்கொள்கிறது.

காரணம், எண்ணம் என்னும் பிரிவே போலியானது என்று வாதிடுவோரும் உண்டு. டச்சு நாட்டில் 1632இல் பிறந்த ஸ்பினோசா என்னும் மெய்யியலார் அவர்களுள் தலையாயவர். அவர் 1674இல் எழுதிய ஒரு மடலில் எறியப்பட்ட கல் ஒன்றைக் கற்பனை செய்கிறார். பறந்துகொண்டிருக்கும் அக்கல்லுக்கு அறிவு வந்தால், தான் விரும்பியே பறப்பதாக அது நம்பும். தன்னை எறிந்த கையை அது அறியாது. மாந்தரும் அத்தகையரே, தம் விருப்பங்களை அறிவர், அவ்விருப்பங்களை உண்டாக்கிய காரணங்களை அறியார் என்பது அவர் கருத்து. அவர் வழி நின்றால் ‘ஓம்டாட்’ என்பதே ஒரு மயக்கம். ஆழ்ந்து நோக்கினால் எல்லாம் ‘டோர்டாட்’. ஊழ் என்னும் கொள்கையில் வளர்ந்த தமிழர்க்கு இவ்வாதம் புதிதன்று.

இவ்வாதத்தை எளிதில் வீழ்த்திவிட முடியாது. வீழ்த்தவேண்டிய தேவையும் இல்லை. பிறர் தவற்றை எடைபோடும்போது ஸ்பினோசாவின் கல்லை நினைத்துக்கொள்வது நன்று. எறிந்த கையைத் தேடச் சொல்வது இரக்கத்தின் தொடக்கம். ஆனால் கல்லே வாய்திறந்து ‘என்னை எறிந்தனர்’ என்று சொல்லத் தொடங்கினால் அப்போது பேசுவது கல்லன்று. காரணங்களை அறிந்து எடுத்துரைக்க வல்லவன் எவனோ, அவன் அக்காரணங்களுக்கு முற்றும் அடிமையானவன் என்று நம்புவது கடினம்.

சிலப்பதிகாரம் இவ்விரண்டையும் ஒரே கதையில் வைத்துக் காட்டுகிறது. கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் என்ன? மதுரைத் தெய்வம் கண்ணகி முன் தோன்றி முற்பிறப்புக் கதையைக் கூறுகிறது: கோவலன் அன்று பரதன் என்னும் பெயரினனாய்ச் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று காட்டிக் கொல்வித்தான், அவ்வினை இன்று உருத்து வந்தது. இது முழுமையான காரணம்; இதில் பாண்டியனுக்குப் பங்கே இல்லை எனலாம். அவன் அதனை அறிந்திருந்தால் ஊழின் கையில் தானொரு கருவி என்று ஆறுதல் பெற்றிருக்கலாம். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பொற்கொல்லன் பொய்யுரைத்தான் என்று ஒரு சொல் சொன்னாற் போதும், அதுவும் உண்மையே. அரசன் பொற்கொல்லனைக் குறிப்பிடாமலும் இல்லை. ஆனால் எந்த இலக்கண வடிவிற் குறிப்பிட்டான் என்பதைத் தமிழாசிரியர் உற்று நோக்கவேண்டும். பொற்கொல்லன் சொல்லைத் தன் செயலுக்குக் காரணமாக அவன் கூறவில்லை. அச்சொல்லைக் கேட்டவன் தான் என்று தனக்கே அடைமொழியாக்கிக் கொண்டான். ‘அவன் சொன்னதால்’ என்னும் ஏதுத்தொடர் எழவேண்டிய இடத்தில் ‘கேட்ட’ என்னும் பெயரெச்சம் எழுந்தது. பிறனைச் சுட்டவேண்டிய விரல் திரும்பித் தன்னையே சுட்டிற்று. தெய்வம் கூறும் ஊழ்க்கதை அரசன் மாண்ட பின்னரே கண்ணகிக்கு உரைக்கப்படுகிறது; தன் காதில் விழாத காரணம் அவனைக் காக்கவும் இல்லை, அவன் அதனைத் தேடவும் இல்லை.

அரசன் ஒருவனின் நேர்மையைப் போற்றிவிட்டுப் போவது எளிது. தமிழர் இந்நாட்டில் பட்ட பெருந்துயர் ஒன்றின் வாக்கியங்களைப் பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும். 1942க்கும் 1943க்கும் இடையில் சப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு இட்ட 415 கிலோமீட்டர் இருப்புப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். சாவாவிலிருந்து வந்த டச்சுப் போர்க்கைதிகளும் அங்கே உழைத்தனர். அப்பாதையில் மாண்ட தமிழரைப் பற்றி எழுதுவோர் ‘காலராவால் மாண்டனர், மலேரியாவால் மாண்டனர்’ என்று எழுதுவர். அது உண்மை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அம்முகாம்களைக் காலரா வாரிக்கொண்டு போயிற்று. ஆயினும் அது ஆறு பெருகியது போன்ற உண்மை. கிருமிக்கு மனம் இல்லை. காய்ச்சிய நீர் கொடுக்கவேண்டியதில்லை என்று எண்ணியவருக்கு மனம் இருந்தது. இறந்தவனுக்குப் பதில் இன்னொருவனைத் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்கிட்டவருக்கு மனம் இருந்தது. குறித்த நாளில் பாதை முடியவேண்டும் என்று விரட்டியவருக்கும் இருந்தது. போர்க்கைதிகளிடையே மருத்துவர்களும் பெயர்ப்பட்டியலும் இருந்தமையால் அவர்களின் சாவு எண்ணப்பட்டது. தமிழர் சாவு முழுமையாக எண்ணப்படவே இல்லை. ‘காலராவால்’ என்னும் ஒரு சொல்லில் இவ்வளவும் மூடப்பட்டுக் கிடக்கிறது. டச்சுக் கைதி ஒருவன் தன் மொழியில் இதனை எழுத உட்கார்ந்தால், இலக்கணம் பயின்றவனாயின், ‘டோர்டாட்’ என்று தொடங்கிய பின்னராவது ‘ஓம்டாட்’ என்று ஒரு வாக்கியம் எழுதாமல் நிறைவடைந்திருக்க மாட்டான்.

பழங்கதையோடு இது முடியவில்லை. 2019 மார்ச்சு மாதம் ஜொகூர் பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டது. அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகள் முதலில் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அடுத்த நாள்களில் பாதிப்பு ஆயிரக்கணக்கானோர்க்குப் பரவியது; அவ்வட்டாரப் பள்ளிகள் 111 மூடப்பட்டன. பின்னர்ச் சிலர்மீது வழக்கும் தொடரப்பட்டது. அந்நாள்களில் பிள்ளைகளுக்கு வீட்டிலும் வெளியிலும் சொல்லப்பட்ட வாக்கியம், ‘ஆற்றில் நச்சுக்கழிவு கலந்ததால் பள்ளிக்கு விடுமுறை’ என்பது. ‘கலந்ததால்’ என்னும் தன்வினைச் சொல்லைக் கவனிக்கவேண்டும். பாலில் தண்ணீர் கலப்பது போல் ஆற்றில் நஞ்சு தானே கலக்குமா? ‘கொட்டப்பட்டதால்’ என்றால் செயப்பாட்டு வினை. யாரோ ஒருவர் உண்டு என்று வாக்கியம் ஒப்புக்கொள்கிறது, ஆள் மட்டும் தெரியவில்லை. ‘கொட்டியதால்’ என்றால் எழுவாய் எங்கே என்று காது தேடத் தொடங்கும். முறையாக அழிப்பதற்குச் செலவாகும் என்று இரவில் ஆற்றோரம் கொண்டுபோய்க் கொட்டுபவன் எவனாயினும், அவனுடைய ‘என்று’ வாக்கியத்திற்குள் வரும்வரை பிள்ளை அறிந்துகொள்வது ஆற்றைப் பற்றிய செய்தி மட்டுமே. ஏவியவன், இயற்றியவன் என்னும் இருவகைக் கருத்தாவை வேற்றுமைப் பாடத்தில் கற்ற அதே பிள்ளைக்கு, தன் மூச்சை அடைத்த நிகழ்ச்சியில் அவ்விருவரையும் தேடக் கற்றுக்கொடுத்தவர் எத்தனை பேர் என்பது தெரியவில்லை. தேடியிருந்தால் வேற்றுமைப் பாடம் அவ்வாண்டு நன்றாகவே மனத்திற் பதிந்திருக்கும்.

இன்று தொடக்கப் பள்ளியில் இணைப்பிடைச் சொற்களைக் கற்பிக்கும் முறை யாவரும் அறிந்ததே. இரண்டு வாக்கியங்கள் தரப்படுகின்றன. ‘ஆகவே’, ‘ஏனெனில்’, ‘ஆகையால்’ என்பவற்றுள் ஒன்றை இட்டு மாணவன் இணைக்கவேண்டும். ‘கவிதா பள்ளிக்கு வரவில்லை. கவிதாவுக்குக் காய்ச்சல்.’ ‘ஏனெனில்’ இட்டால் மதிப்பெண். பயிற்சி பிழையன்று, ஆனால் காரணம் எப்போதும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி நூல்களில் வரும் காரணங்கள் பெரும்பாலும் காய்ச்சல், மழை, பேருந்துப் பழுது என்பனவாகவே இருப்பதையும் நோக்கவேண்டும். பன்னிரண்டு வயதிற்குள் பிள்ளை நூற்றுக்கணக்கான வாக்கியங்களை இணைத்து முடித்துவிடுகிறது. ஒன்றிலேனும் எவரும் எதையும் எண்ணிச் செய்ததில்லை.

இதற்கு மாற்றாகப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரே நிகழ்ச்சியை முதலில் ‘ஆல்’ கொண்டும், பின்னர் ‘என்று’ கொண்டும் எழுதச் சொன்னாற் போதும். ‘வேன் போய்விட்டதால் பள்ளிக்கு வரவில்லை’ என்று எழுதிய பிள்ளை இரண்டாவதற்குச் சற்றே தயங்கும். இல்லாத எண்ணத்தை வலிந்து கேட்கக் கூடாது. பெற்றோர் விடியுமுன் கிளம்பியதைப் பிள்ளையின் ‘என்று’ ஆக்க முடியாது. அது ‘ஆல்’ ஆகவே நிற்கட்டும். எண்ணம் இருந்த இடத்தில் அது தானே வெளிவரும். ‘நடந்தே வந்திருக்கலாம்; நேரங்கழித்துப் போனால் வாசலில் நிறுத்தி எல்லார் முன்னும் ஏசுவார்கள் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்’ என்று ஒரு பிள்ளை எழுதக்கூடும். அப்படி எழுதப்பட்ட ஏட்டைத் திருத்தும் ஆசிரியர்க்கு ஒற்றுப்பிழை, சந்திப்பிழைகளுக்கு அப்பால் வேலை இருக்கும். வருகைப் பதிவேட்டில் ‘காரணம்’ என்னும் கட்டத்தில் அன்று அவர் எதை எழுதுவார், யாரை எழுவாயாக்குவார் என்பதை அவரே தீர்மானிக்கவேண்டும்.